பாங்கியில் சிக்கிய பணம்: தமிழிலேயே மனு எழுதலாம்!

ஏ.டி.எம். எந்திரம் கடகடவென்று சத்தம் போட்டது. பணம் வரவில்லை. ஆனால் கணக்கில் 10 ஆயிரம் ரூபாய் குறைந்துவிட்டதாகச் செல்போனுக்குச் செய்தி மட்டும் வந்து சேர்ந்தது.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அண்ணாச்சிக்கு 2023-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி நடந்தது இது. தென்காசிப் பக்கத்துக்காரர். மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க மறுநாள் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம். கடைசித் தேதி தாண்டினால் இடம் போய்விடும். அஞ்சு வட்டிக்கு வாங்கி அனுப்பினார்.

பிறகு பாங்கிக்கு நடையாய் நடந்தார். "24 மணி நேரத்தில் வந்துவிடும்" என்றார்கள். அடுத்த முறை "ஹெட் ஆபீசுக்குச் சொல்லியிருக்கிறோம்" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அரை நாள் கூலி போயிற்று. அவருடைய இந்தி தடுமாறுவதைக் கண்டதும் கவுண்டரில் இருந்தவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவாராம்.

ஜூலை 2-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்கு வந்தார்.

"எழுதிக் கொடுத்தீங்களா, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஏழு தடவ நேர்ல போய்ச் சொல்லியாச்சு தம்பி. இதுக்கு மேல என்னத்த எழுத?"

காகிதம் எங்கே?

நான் ரெயில்வேயில் குமாஸ்தா. என் மேஜைக்கு வரும் காகிதத்துக்கு ஒரு எண் உண்டு, தேதி உண்டு. வாயால் சொன்னதற்கு எண் கிடையாது. பாங்கியிலும் அதே கதைதான்.

மறுநாளே ஒரு பக்கத்தில் புகார் எழுதி, கார்டின் கடைசி நான்கு எண், நாள், நேரம், எந்த இடத்து எந்திரம் என்பதையெல்லாம் குறிப்பிட்டு, கிளையில் கொடுக்கச் சொன்னேன். நகலில் முத்திரை வாங்காமல் திரும்பி வரக்கூடாது என்றும் சொன்னேன். முத்திரை போடத் தயங்கினார்களாம். அண்ணாச்சி நகரவில்லை.

30 நாள் காத்திருந்தோம். பதில் இல்லை. இனி மேலே போகலாம்.

லோக்பாலா, ஆம்பட்ஸ்மேனா?

மேலே என்றால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளர். ஆங்கிலத்தில் ஆம்பட்ஸ்மேன் என்பார்கள். சுவீடன் நாட்டுச் சொல். அங்கே 1809-ல் பாராளுமன்றமே இந்தப் பதவியை ஏற்படுத்தியது. இந்தியில் இதை "லோக்பால்" என்று எழுதுவதால் நம் ஆட்கள் குழம்பிப் போகிறார்கள். ஊழலை விசாரிக்க 2013-ம் ஆண்டுச் சட்டத்தில் வந்த லோக்பால் வேறு, இது வேறு.

பாங்கிகளுக்கான குறைதீர்ப்பாளர் திட்டம் 1995-ல் தொடங்கியது. 2021-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி, பாங்கி, நிதி நிறுவனம், டிஜிட்டல் பணப்பட்டுவாடா ஆகியவற்றுக்குத் தனித்தனியாக இருந்த மூன்று திட்டங்களையும் ஒன்றாக்கினார்கள். அதற்கு முன்பு எந்த ஊர் அலுவலகத்துக்கு எழுதுவது என்பதே பெரிய கேள்வி. மும்பையில் ரிசர்வ் பாங்கியின் "பைகுல்லா அலுவலகம்" மும்பை சென்டிரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறது. பெயரை நம்பி பைகுல்லாவில் இறங்கியவர்கள் எத்தனை பேரோ!

2021 திட்டம் அந்த அலைச்சலை ஒழித்தது. தபால் மனுக்கள் எல்லாம் சண்டிகரில் ஒரே இடத்துக்குப் போகும்படி செய்தார்கள். எந்த மொழியிலும் எழுதலாம் என்றார்கள். கட்டணம் கிடையாது. வக்கீலும் வேண்டாம்; சொல்லப்போனால், வக்கீலை வைத்து மனுப் போடவே முடியாது.

அண்ணாச்சி தமிழிலேயே எழுதினார். நான் தேதிகளை மட்டும் சரிபார்த்தேன். முத்திரை போட்ட நகல், பாஸ்புக் பக்கத்தின் நகல் இரண்டையும் இணைத்து ஆகஸ்டு 4-ந் தேதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம்.

ஒரு நாளுக்கு 100 ரூபாய்

மனு ஏற்கப்பட்டதும் குறைதீர்ப்பாளர் பாங்கியிடம் விளக்கம் கேட்பார். அதற்கு 15 நாள் கெடு. முதலில் சமரசத்துக்குத்தான் முயற்சி நடக்கும். அது முடியாவிட்டால் உத்தரவு. ஏ.டி.எம். விவகாரம் என்றால் எந்திரத்தின் பதிவே சாட்சி. பணம் வெளியே வந்ததா இல்லையா என்பதை அது சொல்லிவிடும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 2019-ம் ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், 5 நாளுக்குள் திருப்பி வரவு வைக்க வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. அதையும் வாடிக்கையாளர் கேட்காமலே பாங்கி கொடுக்க வேண்டும் என்பது விதி!

அக்டோபர் 12-ந் தேதி அண்ணாச்சியின் கணக்கில் 10 ஆயிரம் ரூபாய் வந்தது. கூடவே 124 நாள் தாமதத்துக்கு 12 ஆயிரத்து 400 ரூபாய். உத்தரவு போடும் கட்டம் வரை போகவே இல்லை.

எல்லாம் நடக்காது

எதற்கும் போகலாம் என்று நினைத்துவிடக்கூடாது. "எனக்குக் கடன் தர மறுத்துவிட்டார்கள்" என்று என் சகஊழியர் ஒருவர் மனுப் போட்டார். கடன் கொடுப்பதும் மறுப்பதும் பாங்கியின் வியாபார முடிவு என்று தள்ளிவிட்டார்கள். கோர்ட்டில் ஏற்கனவே வழக்கு இருந்தாலும் எடுக்கமாட்டார்கள். பாங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுக்காமல் நேராகச் சண்டிகருக்கு எழுதினாலும் இதே கதிதான்.

போனில் யாரோ கேட்டார்கள் என்று ஓ.டி.பி. எண்ணைச் சொல்லிப் பணத்தை விட்டவர்கள் நம்மில் நிறைய. 2017-ம் ஆண்டு ரிசர்வ் பாங்கி விதிப்படி, நம் அஜாக்கிரதையால் போன பணம், பாங்கிக்குத் தகவல் சொல்லும் வரை நம் தலையில்தான். சொன்ன பிறகு போனால் பாங்கியின் பொறுப்பு. ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் மறைத்து வைப்பதுதான் பெரிய நஷ்டம்.

விவரம் கேட்க 14448 என்ற இலவச எண் உண்டு. தமிழிலும் பேசுகிறார்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியாக 1 லட்சம் ரூபாய் வரை கேட்க 2021 திட்டத்தில் இடம் இருந்தது. பட்டறையில் போன ஏழு அரை நாள் கூலியை நான் மனுவில் கேட்க விட்டுவிட்டேன். அண்ணாச்சி அதைப் பெரிதுபடுத்தவில்லை. வட்டிக்காரருக்கு அசலும் வட்டியுமாக 12 ஆயிரத்து 500 எண்ணிக் கொடுத்துவிட்டு, நேரே என்னிடம் வந்தார். கையில் பக்கத்து வீட்டுக்காரரின் இன்சூரன்ஸ் காகிதம்.

"அது வேற குறைதீர்ப்பாளர், அண்ணாச்சி" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. மொதல்ல முத்திரை வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்" என்றார்.