கன்னு போடாத பசுவுக்கு எத்தனை வருஷம் தீனி போடுவீங்க?



அப்ரைசல் லெட்டர் வந்ததும் நாம எல்லாரும் முதல்ல தேடுறது ஒரே ஒரு நம்பரைத்தான். எவ்வளவு ஏறியிருக்கு? அந்த ஏற்றத்தோட சேர்ந்து செலவு எவ்வளவு ஏறப் போகுதுன்னு யாரும் பார்க்கிறதில்லை. இதை ஃபண்டு, வட்டின்னு சொன்னா பாதியிலேயே கொட்டாவி வந்துடும். அதனால இன்னைக்கு மாட்டை வச்சு சொல்றேன். நம்ம ஊர் கறவை மாடு இல்லைங்க. அமெரிக்காவில் டெக்சாஸ், கொலராடோ பக்கம், இறைச்சிக்காக மாடு வளர்க்கும் குடும்பப் பண்ணைகள்.

முதல்ல அந்தத் தொழில் எப்படி ஓடுதுன்னு பார்த்துடுவோம். பசு வருஷம் முழுக்க மேய்ச்சல் நிலத்தில் இருக்கும். யாரும் பால் கறக்க மாட்டாங்க, பால் முழுசும் கன்னுக்குத்தான். ஆறு, எட்டு மாசத்தில் கன்னு பால்குடி மறந்ததும் அதை எடை போட்டு வித்துடுவாங்க. அதுதான் அந்தப் பசுவோட ஒரு வருஷச் சம்பளம். கன்னு இல்லைன்னா சம்பளம் இல்லை. தீனி, தண்ணி, வேலி, மருந்துச் செலவு மட்டும் குறையாது.

கணக்குக்காக ரவுண்டா எடுத்துப்போம். 100 பசு, ஒரு பசுவைப் பராமரிக்க வருஷத்துக்கு 1,000 டாலர், ஒரு கன்னு 1,500 டாலருக்குப் போகுது. 90 கன்னு கிடைச்சா வரவு 1,35,000, செலவு 1,00,000, மிச்சம் 35,000. அதே மந்தையில் 95 கன்னு கிடைச்சா மிச்சம் 42,500. வெறும் அஞ்சு கன்னு கூடினதுக்கு லாபம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல ஏறிடுச்சு. ஏன்னா அந்த அஞ்சு பசுவும் கன்னு போட்டாலும் போடாட்டியும் ஏற்கெனவே தின்னுட்டுத்தான் இருந்துச்சு.

"அப்போ எல்லாப் பசுவும் கன்னு போட வேண்டியதுதானே?" அங்கதான் சிக்கல். பசுவுக்கு சினைக்காலம் சுமார் 283 நாள். வருஷத்துக்கு ஒரு கன்னு வேணும்னா 365-ல் மிச்சம் 82 நாள்தான். ஈன்ற பசு மறுபடி பருவத்துக்கு வரவே ஒன்றரை, ரெண்டு மாசம் ஆகும். அதுக்கப்புறம் 21 நாளுக்கு ஒரு தடவைதான் பருவம் வரும். ஆக, அதுக்குக் கிடைக்கிறது ஒன்று அல்லது ரெண்டு வாய்ப்பு. இதுல இன்னொரு விஷயம், பசுவோட உடம்பும் ஒரு பட்ஜெட் போட்டுத்தான் நடக்குது. தின்கிற தீனி முதல்ல தன் உயிரைக் காப்பாத்த, அடுத்து மடியில் இருக்கிற கன்னுக்குப் பால், கடைசியாத்தான் அடுத்த சினை. தீனி பத்தலைன்னா முதல்ல வெட்டு விழுறது அந்தக் கடைசி ஐட்டத்துல. நம்ம வீட்டுல மாசக் கடைசியில் சேமிப்புக்கு நடக்கிற அதே கதை!

பெரிய மாடு நல்லதா, சின்ன மாடு நல்லதா? பார்த்ததும் பெரிசுன்னுதான் சொல்லத் தோணும். 1,200 பவுண்டு பசுவை விட 1,400 பவுண்டு பசுவுக்கு உடம்பைத் தாங்கவே ஏறக்குறைய 12 சதவீதம் அதிகத் தீனி வேணும். அதாவது 100 சின்னப் பசு மேயுற நிலத்தில் பெரிய பசு 89 தான் மேய முடியும். சின்னப் பசுக்கள் ஒவ்வொண்ணும் 500 பவுண்டு கன்னு கொடுக்குதுன்னு வைங்க. அதே மொத்த எடையை எட்ட, பெரிய பசு ஒவ்வொண்ணும் சுமார் 562 பவுண்டு கன்னு தரணும். பல மந்தைகளில் அந்த அளவுக்கு ஏறுறதில்லை. போதாக்குறைக்கு, கன்னு கனமாக ஆக பவுண்டுக்குக் கிடைக்கிற விலை பொதுவா குறையும். பெரிய பேக்கேஜ்னு வேற ஊருக்குப் போய், வாடகையிலும் கேபிலும் எல்லாத்தையும் விட்ட அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். எனக்கு இருக்கு.

இது தெரிஞ்சும் ஆட்கள் தோற்றத்துக்கு மயங்கினாங்க. 1940, 50-களில் அமெரிக்கக் கண்காட்சிகளில் குட்டையா, கட்டுமஸ்தா இருந்த மாடுகளுக்குத்தான் பரிசு. எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினாங்க. அப்படிப்பட்ட சில காளைகளுக்குள் ஒரு குறை மறைஞ்சிருந்தது. முக்கியமா ஹெர்ஃபோர்ட் இனத்தில், குள்ளக் கன்னுகள் பிறக்க ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் 1970, 80-களில் அப்படியே எதிர்ப்பக்கம், உயரமான மாடுன்னா பரிசு. மேய்ச்சல் நிலத்தில் அதுங்களுக்குத் தீனி போட்டு மாளலை. போன வருஷ டாப் ஃபண்டு லிஸ்ட்டைப் பார்த்து வாங்குறவங்க இந்தப் பாராவை ரெண்டு தடவை படிக்கலாம்.

இந்தக் கூட்டத்தில் சேராமல் தனியா போன ஒரு குடும்பம் லாசாட்டர். எட் லாசாட்டர் 1908-லேயே தெற்கு டெக்சாஸில் தன் மந்தைக்கு பிராமன் காளைகளைக் கொண்டுவந்தார். அந்த பிராமன் இனத்தோட பூர்வீகம் நம்ம நாட்டு மாடுகள்தான். கிர், குஜராத் பக்கத்து மாடு, அவங்க நெல்லூர்னு சொல்ற நம்ம ஓங்கோல் எல்லாம் கலந்து அங்கே உருவானது. வெயிலும் உண்ணியும் தாங்குற அந்தத் திமில் எங்கே இருந்து போச்சுன்னு இப்போ புரியுதா? 1931-ல் மகன் டாம் லாசாட்டர் பொறுப்பெடுத்து பிராமன், ஹெர்ஃபோர்ட், ஷார்ட்ஹார்ன் மூணையும் கலந்தார். அதுதான் பீஃப்மாஸ்டர். 1954-ல் அமெரிக்க வேளாண் துறை அதைத் தனி இனமா அங்கீகரிச்சது.

அவர் பார்த்தது ஆறே ஆறு குணம். சுபாவம், கருத்தரிக்கும் திறன், எடை, உடல்வாகு, தாக்குப்பிடிக்கிற சக்தி, பால். நிறத்தைப் பத்திக் கவலையே படலை. சிவப்போ, புள்ளியோ, எதுவா இருந்தாலும் சரி. சுபாவம் ஏன் லிஸ்ட்டில் இருக்குன்னு எனக்கு முதல்ல புரியலை. மிரளுற மாடு எடை சரியா ஏறாது, வேலியை உடைக்கும், ஆளை முட்டும். குடும்பமே வேலை பார்க்கிற பண்ணையில் அது ஆஸ்பத்திரிச் செலவு.

கருத்தரிப்பு விஷயத்தில் அவர் சலுகையே கொடுக்கலை. கிடேரி ரெண்டு வயசில் முதல் கன்னை ஈனணும். அப்புறம் வருஷா வருஷம் ஒரு கன்னை உயிரோட வளர்த்துக் கொடுக்கணும். ஒரு வருஷம் தவறினா மந்தையில் இடம் இல்லை. "போன வருஷம் நல்ல கன்னு கொடுத்துச்சே", "மழை இல்லையே" எதுவும் எடுபடாது. கேட்கக் கொடூரமா இருக்கும். ஆனா கருத்தரிப்பு பரம்பரையா இறங்குறது ரொம்பக் கொஞ்சம். காளையைப் பார்த்து வாங்கினா மட்டும் அது வேகமா மேம்படாது. இனக்கலப்பும், இப்படி வருஷா வருஷம் கழிக்கிறதும்தான் வேலை செய்யும்.

காளை வாங்கும்போது இப்போ ஒரு எண் கொடுக்கிறாங்க. அந்தக் காளையோட கன்னுகள் சராசரியா எவ்வளவு வித்தியாசமா இருக்கும்னு ஒரு கணிப்பு. ஒரு காளைக்கு எடையில் 60, இன்னொண்ணுக்கு 40-ன்னா, முதல் காளையோட கன்னுகள் சராசரியா 20 பவுண்டு கூட இருக்கும்னு எதிர்பார்க்கலாம். பக்கத்திலேயே அந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம்னும் இன்னொரு எண் இருக்கும். இளம் காளைக்கு அது குறைவு. பலர் முதல் எண்ணை மட்டும் பார்த்துட்டுப் போயிடுவாங்க. எடை கூடின கன்னு பிறக்கும்போதே பெரிசா இருந்தா, தலைச்சன் கிடேரிக்குப் பிரசவமே ஆபத்தாகலாம். இந்தத் தப்பு உடனே தெரியாது. இன்னைக்குப் போட்ட காளையோட மகள் பிறந்து, வளர்ந்து, அவளே ஈனும்போதுதான் அவள் எப்படிப்பட்ட பசுன்னு தெரியும். அதுக்கு சுமார் மூணு வருஷம். அதுக்குள்ள மந்தை பூரா அவளோட தங்கச்சிங்க.

அதுக்காக எதையும் சட்டுனு மாத்திக்கிட்டே இருக்கவும் முடியாது. ஒரு கிடேரியை வளர்த்து முதல் கன்னை விக்கிறவரைக்கும் ரெண்டரை வருஷத்துக்கு மேல செலவு மட்டும்தான். அதை மீட்கவே பல கன்னு ஆகும். அதனால பத்து வயசிலும் தவறாம ஈனுற, பார்க்க சுமாரான கிழட்டுப் பசுதான் அந்தப் பண்ணையோட தங்கம். அடிக்கடி ஃபண்டு மாத்துறவங்களும் யோசிக்கலாம்.

என் கதையையும் சொல்லிடுறேன். முதல் வேலையில் சேர்ந்ததும் சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னாருன்னு வருஷம் 24,000 ரூபாய் பிரீமியத்தில் ஒரு எண்டோவ்மென்ட் பாலிசி போட்டேன். ஆறு வருஷம் கழிச்சு உட்கார்ந்து கணக்குப் போட்டா வட்டி அஞ்சு சதவீதம்கூடத் தேறலை. "இவ்வளவு கட்டிட்டோமே"ன்னு இன்னும் ஒரு வருஷம் கட்டினேன். சரண்டர் பண்ணப்போ கட்டினதைவிடக் குறைவாத்தான் கிடைச்சது. உங்க பாலிசியை எடுக்கிறதுக்கு முன்னாடி சரண்டர் தொகை எவ்வளவு, மீதி வருஷத்துக்குக் கட்டப்போற பணம் எவ்வளவுன்னு பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்க. சில பேருக்குத் தொடர்றதே லாபமா இருக்கும்.

பல பண்ணைகளில் இந்தக் கணக்கு போடுறது இலையுதிர் காலத்தில். கன்னுகளைப் பிரிச்சதும் பசுக்களை ஒவ்வொண்ணா கூண்டுக்குள்ள விட்டு, கால்நடை மருத்துவர் தோள் வரைக்கும் கையுறை மாட்டிக்கிட்டு சினை பார்ப்பார். சினை இருந்தா இடது பக்கக் கதவு திறக்கும், இல்லைன்னா வலது பக்கம். வலது பக்கம் போன பசுவுக்கும் இறைச்சி விலை உண்டு. குளிர்காலத் தீனியை அது தின்ன ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே லாரி வந்துடும்.