இனிப்புக்கும் உண்டு வரவு செலவு

பண்டிகை நாளில் குடும்பமே இனிப்பு உண்ண, நீரிழிவு உள்ள பெரியவர் மட்டும் வேண்டாமென்று தட்டை நகர்த்திவிடுவார். அன்றிரவு அனைவரும் உறங்கிய பின், சமையலறையில் டப்பா திறக்கும் ஓசை கேட்கும். அடியோடு தடுக்கப்பட்ட இனிப்பு, பல இல்லங்களில் இவ்வாறே மறைவாகவும் அளவின்றியும் உண்ணப்படுகிறது.

நம் நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையிலும் உள்ளனர் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. எனவே இது ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்தின் கவலையுமாகும். இனிப்பை விலக்குவதைக் காட்டிலும், அதற்கு முறையான கணக்கு வைப்பதே நிலைத்த பயன் தரும்.

நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர், சேர்க்கப்படும் சர்க்கரையை 25 கிராமுக்குள் நிறுத்துவது நன்று என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. இது சுமார் ஆறு தேக்கரண்டி. இரண்டு குவளைத் தேநீரில் இவ்விரண்டு கரண்டி கலந்தால், நான்கு செலவாகிவிடும். இனிப்பு உண்ணும் நாளில் தேநீரைச் சர்க்கரையின்றி அருந்தினால் அந்த இருப்பு மிஞ்சும். நீரிழிவு உள்ளோர் சோறு அல்லது சப்பாத்தியின் அளவையும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

எதை உண்கிறோம் என்பதும் முக்கியம். மைதாவும் பாகும் சேர்ந்த ஜிலேபி, இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்தும். வங்காளத்துச் சந்தேஷில் பாலைத் திரித்தெடுத்த சேனாவின் புரதம் உண்டு. ரசகுல்லாவைப் பாகு பிழிந்து உண்ணலாம். மகாராஷ்டிரத்து ஸ்ரீகண்டை வீட்டிலேயே குறைந்த சர்க்கரையுடன் செய்து, ஏலமும் குங்குமப்பூவும் சேர்த்தால் சுவை குன்றாது. வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரையே என்பதால் அதற்குத் தனிச் சலுகை இல்லை. ‘சர்க்கரை இல்லாதது’ என விற்கப்படும் இனிப்பிலும் மாவும் நெய்யும் இருக்கக்கூடும்.

வெறும் வயிற்றில் இனிப்பு வேண்டாம். காய்கறி, பருப்பு, தயிர் ஆகியவற்றுடன் உணவை முடித்து, இறுதியில் சிறு துண்டு உண்டால் சர்க்கரை மெல்ல ஏறும். அதன்பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், தசைகள் இரத்தத்திலுள்ள குளுக்கோஸைப் பயன்படுத்திக்கொள்ளும்.

இனிப்பை ஈடுகட்ட உணவைத் தவிர்ப்பதும், மருந்தின் அளவைத் தாமே மாற்றுவதும் ஆபத்தானவை. இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்போருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடலாம். தமக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டறிவதே முறை. உணவு தொடங்கி இரண்டு மணி நேரத்தில் சோதித்துக் குறித்து வைத்தால், எந்த இனிப்பு எவ்வளவு ஏற்றுகிறது என்பது தெளிவாகும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை, அக்காலத்துக்கான கணக்கைச் சரிபார்க்க உதவும்.

அடுத்த பண்டிகையில் அப்பெரியவரின் தட்டிலும் பாதிச் சந்தேஷ் இருக்கட்டும். அனைவருடனும் அமர்ந்து அவர் அதை நிதானமாகச் சுவைப்பாராயின், நள்ளிரவில் டப்பாவைத் தேட வேண்டிய தேவை அவருக்கு இராது.