நிற்கிற காலுக்கும் ஒரு சட்டம் உண்டு

ஆடித் தள்ளுபடி சமயத்தில் மதுரை விளக்குத்தூண் பக்கம் போனால் ஜவுளிக் கடைகளில் கால் வைக்க இடம் இருக்காது. சேலையை விரித்துக் காட்டும் பெண்ணின் கையைப் பார்ப்போம், முகத்தைப் பார்ப்போம், காலைப் பார்க்க மாட்டோம். காலையில் கடை திறக்கும்போது நின்றவர் இரவு வரை நிற்கிறார். பல கடைகளில் செருப்புக்கும் அனுமதி இல்லை. வெறுங்கால், கீழே கல் தரை. மேலூருக்கோ திருமங்கலத்துக்கோ வீடு திரும்பும் பஸ்ஸிலும் நிற்கத்தான் வேண்டும். மறுநாள் பாயைவிட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி அடித்தாற்போல வலிக்கும். “குதிகால் வாதம், வயசாயிருச்சுல்ல” என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுபடி கடைக்குக் கிளம்பிவிடுவார்.

இந்த வலியில் வயதுக்குப் பங்கு உண்டு. நின்ற நேரத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

பாதத்தில் தொடங்கி இடுப்பு வரை

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த சவ்வு ஒன்று அவற்றை வில் போல வளைத்துப் பிடித்திருக்கிறது. அடி வைக்கும்போது வில் தளர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். குதிகால் தூக்கி, பெருவிரல் மடங்கும்போது சவ்வு இறுகி, பாதம் கட்டை போல உறுதியாகி உடம்பை முன்னே தள்ளும். நடப்பவருக்கு ஒவ்வொரு எட்டிலும் பாரம் ஏறி இறங்குகிறது. நின்றபடியே இருப்பவருக்கு ஏறிய பாரம் இறங்குவதே இல்லை.

அந்த வில் உட்பக்கம் சரிந்தால் கணுக்கால் சாயும். அதோடு சேர்ந்து முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு உள்ளே திரும்பும். முழங்காலும் இடுப்பும் அந்தத் திருகலைச் சுமக்கும். முழங்கால் வலி என்று போனவரை “செருப்பைக் கழற்றி நடந்து காட்டுங்கள்” என்று பிசியோதெரபிஸ்ட் கேட்பது இதற்காகத்தான்.

காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றுவதில் கெண்டைக்கால் சதைக்குப் பெரும் பங்கு. நடந்தால் அது சுருங்கி விரியும். அசையாமல் நின்றால் ரத்தம் தேங்கும், கால் வீங்கும், நாளடைவில் நரம்பு சுருட்டிக்கொள்ளவும் வழியாகும்.

சுளுக்கு என்று உருவாதீர்கள்

வரப்பில் வழுக்கினாலும் படியில் தடுமாறினாலும் உடனே சுளுக்கு எடுக்கப் போவது நம் வழக்கம். நான்கு எட்டுக்கூட ஊன்றி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் முட்டி எலும்பை அழுத்தினால் வலித்தாலோ, முதலில் எக்ஸ்ரே. முறிந்த எலும்பை உருவினால் விலகிப்போகலாம்.

மாவுக்கட்டு பிரித்ததும் வைத்தியம் முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. வாரக்கணக்கில் அசையாத கணுக்கால் இறுகியிருக்கும். நாற்று நட இறங்குவதும் கழிப்பறையில் குந்துவதும் கணுக்கால் மடங்கினால்தான் நடக்கும். மடங்காதபோது குதிகால் முன்கூட்டியே தூக்கும், முழங்கால் பின்னுக்கு வளையும், வலி அங்கே இடம் மாறும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். சுவரிலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ. தள்ளிப் பெருவிரலை வைத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். ஒரு கால் தொட்டு மறுகால் தொடாவிட்டால் பயிற்சி தேவை. முறிவு ஏற்பட்டவர்கள் மருத்துவர் அனுமதித்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

உட்காருவது உரிமை

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளின் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள்; 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. ஆண், பெண் என்ற பேதம் இல்லை. நாற்காலியைப் போட்டுவிட்டு அதன்மேல் துணிக்கட்டுகளை அடுக்கினால் சட்டத்தை மதித்ததாகாது.

இருக்கை இல்லையா? தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம்; முதல்வரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைக்கலாம். தனியாகக் கேட்கத் தயக்கம் என்றால் சங்கத்தின் வழியாகக் கேளுங்கள்.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் சிகிச்சை உங்கள் உரிமை. போதுமான நாட்கள் சந்தா செலுத்தியவர்கள் மருத்துவர் சான்றுடன் விடுப்பு எடுத்தால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்குப் பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராஜாஜி மருத்துவமனையில் பிசியோதெரபி உண்டு. எழுந்து வர முடியாதவருக்கு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே பிசியோதெரபி கிடைக்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

• படுக்கையைவிட்டு எழும் முன் கால்விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துச் சில நொடி பிடியுங்கள்.
• சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையில் பதிய, பின்னங்காலின் கெண்டைக்கால் சதையை நீட்டுங்கள். காலையும் மாலையும்.
• நிற்கும் இடத்திலேயே அவ்வப்போது குதிகால்களை உயர்த்தி இறக்குங்கள்.
• தேய்ந்த செருப்பை மாற்றுங்கள். ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் மருத்துவரிடம் அதையும் காட்டுங்கள்.
• சர்க்கரை நோயாளிகள் தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். உணர்ச்சி மங்கிய பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. வெறுங்கால் வேண்டாம், மெத்தென்ற ரப்பர் அடியுள்ள எம்.சி.ஆர். செருப்பு நல்லது.
• ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும் வந்தால், பாதம் மரத்துப்போனால், புண் ஆறாவிட்டால் காத்திருக்காதீர்கள்.

ஜவுளிக் கடைக்குப் போனதும் நமக்கு ஸ்டூலைத் தள்ளிப்போட்டு, “உக்காருங்கக்கா” என்கிறார்கள். அடுத்த முறை உட்காரும்போது எதிரே நிற்பவருக்கும் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இல்லையென்றால், பில் போடும்போது முதலாளியிடம் கேளுங்கள்.