கண் இரண்டு, காட்சி ஒன்று

சீனன்குடா என்றதும் உங்களிற் பலருக்கு எண்ணெய்க் குதங்களும் விமானத்தளமும் மா ஆலையும் நினைவுக்கு வரும். 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய இடம் என்று சரித்திரம் படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கோ அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு சிறுமியின் முகமே நினைவில் எழுகிறது.

1994 ஆம் ஆண்டு அங்குள்ள ஒரு பாடசாலையில் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்குப் பொறுப்பாசிரியனாக இருந்தேன். போர்க்காலம். விமானம் இரைந்தாற் போதும், பிள்ளைகளின் தலைகள் ஜன்னலை நோக்கித் திரும்பிவிடும். தம்பலகாமத்துப் பக்க வானில் வெறும் புள்ளியாகத் தெரியும் விமானத்தை முதலிற் கண்டு சொல்பவள் அந்தப் பிள்ளைதான். ஆனால் புத்தகத்தைக் கையிற் கொடுத்து வாசிக்க எழுப்பினால் தடுமாறுவாள். ஒரு வரியைத் தாண்டிவிடுவாள். அல்லது வாசித்த வரியையே மறுபடியும் வாசிப்பாள். சில வேளைகளில் உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வாசிப்பாள். அது எனக்குப் பரிகாசமாகப் பட்டது. அவளுடைய தாயோ, “வாசிக்கச் சொன்னாலே தலையிடிக்குது எண்டுறாள் சேர், நடிக்கிறாளோ தெரியேல்ல” என்றார். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பிரம்பை எடுத்தேன். ஒரு நாளல்ல, பல நாள்.

அதற்கு முன்னர் பாடசாலையிற் கண் பரிசோதனை நடந்திருந்தது. சுவரில் மாட்டிய அட்டையின் கடைசி வரிவரைக்கும் பிழையின்றி வாசித்துவிட்டாள். “கண்ணிற் குறையில்லை” என்று எழுதப்பட்டது. கண்ணிற் குறையில்லையென்றால் குறை மனத்திலேதான் என்று நான் தீர்மானித்தேன்.

நேயர்களே, அந்த அட்டையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒல்லாந்துக் கண் மருத்துவரான ஹேர்மன் ஸ்நெலன் 1862 இல் வெளியிட்ட அட்டை அது. வழக்கமாக 6 மீற்றர் தொலைவில் நின்று, ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே தூரத்து எழுத்தை எவ்வளவு தெளிவாகக் காண்கிறது என்பதை அது நன்றாகச் சொல்லிவிடும். ஆனால் ஒரு முழத்துக்கும் குறைந்த தூரத்திலுள்ள புத்தகத்தில் இரண்டு கண்களும் சேர்ந்து உழைக்கின்றனவா என்ற கேள்வியை அது கேட்பதில்லை.

கேட்டவர் நகரத்திலிருந்த ஒரு கண் வைத்தியர். தலையிடி தாங்காமல் தாய் பிள்ளையை அவரிடம் அழைத்துச் சென்றிருந்தார். மறுநாள் வந்து, “பென்சிலைக் கிட்டக் கொண்டு போகேக்க ஒரு கண் வெளியால போகுது சேர்” என்றார். நான் நம்பவில்லை. ஒரு சோக்குத் துண்டை எடுத்து, பிள்ளையின் மூக்கை நோக்கி மெல்லக் கொண்டு சென்றேன். ஒரு சாண் தூரம் வந்ததும் அவளுடைய வலக்கண் மெதுவாக வெளிப்புறம் நழுவியது.

“என்ன தெரியுது?” என்றேன்.

“ரெண்டு சோக்கு, சேர்.”

“இதை ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் சொல்லேல்ல?”

“எல்லாருக்கும் அப்பிடித்தானே சேர்?”

அந்தப் பதிலுக்கு இன்றுவரை என்னிடம் மறுமொழி இல்லை.

கண்ணின் அசைவை விளங்கிக்கொள்ள நம் கடற்கரைக் காட்சியொன்று உதவும். கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கயிறுகளை இரண்டு கூட்டத்தினர் தூரத் தூர நின்று இழுப்பர். வலை கரையை அண்ட அண்ட இரு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வரும். ஒரு கூட்டம் பின்தங்கினால் வலை கோணி, மீன் தப்பிவிடும். கண்களும் அவ்வாறே. தூரத்து விமானத்தைப் பார்க்கும்போது இரு கண்களின் நோக்கும் ஏறத்தாழச் சமாந்தரமாகச் செல்கிறது. புத்தகம் நெருங்க நெருங்க இரண்டும் மூக்கின் பக்கமாக உள்ளே திரும்பி, ஒரே எழுத்தில் வந்து குவிய வேண்டும். ஒரு கண்ணுக்கு ஆறு தசைகள், இரண்டுக்கும் பன்னிரண்டு. இவற்றை மூளை மூன்று சோடி நரம்புகளின் வழியாக நடத்துகிறது. இரு கண்களிலும் விழும் இரு படிமங்களை ஒன்றாக்குவதும் மூளையின் வேலையே. கண்கள் ஒருங்கும் இந்த ஆற்றல் குறைந்தால் எழுத்து இரட்டிக்கும், கலங்கும், நகர்வதுபோலத் தோன்றும். இதனை ஒருங்கற் குறைபாடு எனலாம். சாதாரணமாக மூக்கிலிருந்து ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் வரையிற் பொருளை ஒன்றாகக் காணலாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு சாணிலேயே பிரிந்துவிட்டது. அதை ஒன்றாக வைத்திருக்க அவள் பட்ட பாடுதான் தலையிடி. கண்ணைப் பொத்தியது பரிகாசமல்ல. அவளே கண்டுபிடித்த வைத்தியம்.

வாசிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. தாவித் தாவிச் செல்கிறது. ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் ஏறத்தாழக் கால் விநாடி தரித்து நிற்கிறது. 1870 களின் பிற்பகுதியில் இதனை அவதானித்தவர்கள் பிரான்சியக் கண் மருத்துவர் எமில் ஜவாலும் அவருடைய ஆய்வுக்கூடத்தினரும் ஆவர். ஜவாலை இத்துறைக்குத் திருப்பியது தமது சகோதரியின் மாறுகண் என்பது மனத்தைத் தொடும் செய்தி. கண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சீராக்கும் முறைக்கு வழிதிறந்த அவர், பிற்காலத்திற் தமது பார்வையையே இழந்தார்.

மாறுகண் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மூர்ப் பெரியவர்கள் அதை அதிர்ஷ்டம் என்பார்கள். “வளர வளரச் சரியாகும்” என்றும் சொல்வார்கள். இரண்டும் பிள்ளைக்கு உதவா. கண் ஒன்று விலகி நின்றால், இரட்டைக் காட்சியைத் தவிர்ப்பதற்காகச் சிறு பிள்ளையின் மூளை அந்தக் கண்ணின் செய்தியை ஒதுக்கிவிடும். நாளடைவில் அக்கண்ணின் பார்வை மந்தமாகும். நல்ல கண்ணைச் சில மணிநேரம் மூடி, மந்தக் கண்ணுக்கு வேலை கொடுப்பது பழைய சிகிச்சை. ஏழு வயதுக்கு முன்னர் தொடங்குவது மிக நன்று. ஆயினும் ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளிலும் பலருக்குப் பயன் உண்டு என்பதை 2005 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே, காலம் போய்விட்டதென்று பெற்றோர் கைவிடலாகாது.

என் மாணவிக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி பென்சிற் பயிற்சி. கையை நீட்டிப் பிடித்த பென்சிலை மெல்ல மூக்கருகே கொண்டுவந்து, இரண்டாகும்வரை பார்ப்பது. சில மாதங்களில் தலையிடி குறைந்தது. அக்காலத்தில் அது பென்சிலின் வெற்றி என்றே நம்பினேன். ஆனால் 2008 இல் அமெரிக்காவில் 221 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு வேறு. பன்னிரண்டு வாரங்கள் வைத்தியரின் நிலையத்தில் முறையாகப் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 73 பேர் குணமடைந்தோ தேறியோ இருந்தனர். வீட்டிற் பென்சிற் பயிற்சி மாத்திரம் செய்தவர்களில் அது 43. பெயருக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்களிலோ 35. பென்சிலுக்கும் வெறும் பெயருக்கும் இடையில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அவளுக்குத் தேறுதல் தந்தது பென்சிலா, காலமா, நான் பிரம்பைக் கீழே வைத்ததா? என்னால் இன்று அறுதியிட்டுக் கூற முடியாது.

இன்னொரு செய்தியையும் மறைக்கலாகாது. 2019 இல் வெளியான தொடர் ஆய்வில் 311 பிள்ளைகள் பங்குபற்றினர். பயிற்சியால் கண்கள் ஒருங்கும் ஆற்றல் கூடியது. ஆனால் வாசித்து விளங்கும் திறன், பெயருக்குப் பயிற்சி பெற்றவர்களைவிட அதிகமாகக் கூடவில்லை. இதன் பொருள் என்ன? கண்ணைச் சீராக்குவது ஒரு வேலை. வாசிக்கக் கற்பிப்பது இன்னொரு வேலை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் இடர்ப்படும் பிள்ளைகள் உளர். அவர்களுக்குக் கண் பயிற்சி மருந்தாகாது. பொறுமையான ஆசிரியரே வேண்டும். வாசிக்கத் திணறும் பிள்ளைகள் எல்லோருக்கும் கண்ணிலேதான் கோளாறு என்று பணம் பறிப்போரிடம் ஏமாறவும் கூடாது. என் மாணவிக்கும் தலையிடி விட்ட பின்னர் வாசிப்பு உடனே வந்துவிடவில்லை. பின்னேரங்களில் பக்கத்தில் இருத்தி, வரிக்குக் கீழே ஒரு மட்டையை வைத்து வாசிக்கப் பழக்கினேன். ஓராண்டு சென்றது.

பெற்றோரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டியவை சில. வாசிக்கும்போது ஒரு கண்ணை மூடுதல், தலையைச் சரித்தல், வரி தவறுதல், படிக்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில் தலையிடி என்பவை தொடர்ந்து தென்பட்டால், அட்டையை வாசித்துவிட்டாள் என்று திருப்திப்படாமல், இரு கண்களும் சேர்ந்து இயங்குகின்றனவா எனப் பார்க்குமாறு கண் வைத்தியரிடம் கேளுங்கள். திடீரெனக் கண் விலகினாலோ காட்சி இரட்டித்தாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

கல்வியைக் கண் என்று போற்றிய மரபு நம்முடையது. அந்த மரபிலே வந்த நான், கண்ணின் பாட்டை அறியாமற் கல்வியின் பெயரால் ஒரு பிள்ளையின் கையைச் சிவக்க வைத்தேன். பிறந்தது முதல் இரண்டாகக் கண்ட பிள்ளைக்கு, மற்றவர்கள் ஒன்றாகக் காண்கிறார்கள் என்பது எப்படித் தெரியும்? அவள் தானாக வந்து முறையிட மாட்டாள். நாம்தான் கேட்க வேண்டும். இன்றிரவு உங்கள் பிள்ளை புத்தகத்தை விரிக்கும்போது அருகே அமர்ந்து, “எழுத்து உனக்கு எப்படித் தெரியுது?” என்று ஒரு தடவை கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.