உங்களுக்குத் தெரியுமா? கசப்புத் தண்ணீரும் ஒரு கல்லும்

● செய்யூர் உப்பளத்தில் உப்பை வாரியபின் பாத்தியில் மிஞ்சுவது வழுவழுப்பான கசப்புத் தண்ணீர். உப்போடு சேராத மெக்னீசியமும் பொட்டாசியமும் அதில்தான் தங்கும். பூமிக்கடியிலும் இதே கதைதான். கிரானைட் குழம்பு ஆறும்போது குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் எல்லாம் முந்திக்கொண்டு உறைந்துவிடும். சீசியத்துக்கு உடம்பு பெரிது. அந்தப் படிகங்களில் எளிதில் இடம் கிடைக்காது. கடைசியில் மிஞ்சும் குழம்பில் லித்தியத்தோடு ஒதுங்கி, பெக்மடைட் பாறையில் ‘பொலுசைட்’ என்ற கனிமமாக உறைகிறது. பார்த்தால் சாதாரணக் கண்ணாடிக்கல் போலத்தான் இருக்கும்.

● இத்தாலியின் எல்பா தீவில் கிடைத்த இந்தக் கல்லை 1846இல் பிளாட்னர் என்ற ஜெர்மானியர் பகுத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் கூட்டினால் நூறு சதவீதம் வரவில்லை, 93கூடத் தேறவில்லை. கணக்கு உதைத்ததற்குக் காரணம் அவர் அல்ல. சீசியம் என்றொரு தனிமம் இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது. அதைப் பொட்டாசியம் என்று எண்ணிவிட்டார். சீசியம் 1860இல் வெளிப்பட்டது. பிசானி என்பவர் 1864இல் கணக்கை நேர்செய்தார். பிளாட்னர் 1858லேயே காலமாகிவிட்டார், பாவம்.

● சீசியத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பன்சன் செய்ததும் ஏறக்குறைய உப்பள வேலைதான். சுமார் 44,000 லிட்டர் ஊற்றுநீரைச் சுண்டவைத்தார். கிடைத்த சீசியம் குளோரைடு 7 கிராம் சொச்சம்!

● எல்பாவில் ஜோடியாகக் கிடைத்த இரண்டு கனிமங்களுக்குக் காஸ்டர், பொலக்ஸ் என்ற கிரேக்க இரட்டையரின் பெயரை வைத்தார்கள். பொலக்ஸ்தான் பிறகு பொலுசைட் ஆனது. வானத்தில் அந்த இரட்டையர்தான் நம் புனர்பூசம். செய்யூர் கந்தசாமி கோயிலில் 27 நட்சத்திரங்களுக்கும் வேதாளங்கள் உண்டே, அதில் ஒன்று இந்தக் கல்லுக்கும் உறவு.

● சீசியம் உலோகம் பொன்னிறம். 28.5 டிகிரியில் உருகிவிடும். நம்மூரில் மார்கழி விடியற்காலையில் கட்டியாக இருந்தால் உண்டு, சித்திரையில் குழம்புதான். தண்ணீர் பட்டால் வெடிக்கும்.

● ஒரு நொடி என்பது சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள். 1967 முதல் இதுதான் கணக்கு.

● பொலுசைட்டுக்குப் பேர்போனது கனடாவின் டான்கோ சுரங்கம். பொலுசைட்டிலிருந்து தயாரிக்கும் சீசியம் ஃபார்மேட் கரைசல் எண்ணெய்க் கிணறு தோண்ட உதவுகிறது. அதைப் பெரும்பாலும் விற்பதில்லை, வாடகைக்கு விடுகிறார்கள்! வேலை முடிந்ததும் திருப்பித் தரவேண்டும், கல்யாண வீட்டு அண்டா மாதிரி.

● கல்லில் இருப்பது கதிர்வீச்சில்லாத சீசியம் 133. செய்யூருக்கு வடக்கே கல்பாக்கத்தில், அணு உலையில் எரிந்த எரிபொருளில் உண்டாவது சீசியம் 137. அது பாதியாகக் குறைய 30 ஆண்டு ஆகும். அங்கே முதல் உலை வணிகரீதியாக மின்சாரம் தரத் தொடங்கிய 1984இல் உண்டானதில் பாதி 2014இல் தீர்ந்தது. மீதியில் பாதி 2044இல் தீரும். அதை நீரில் கரையாமல் பூட்டிவைக்க உலகெங்கும் ஆராயப்பட்ட பொருள்களில் ஒன்று, செயற்கைப் பொலுசைட்.