பட்டறையில் கிடைத்த பழைய வேகமானி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்குத் தினமும் பஸ்ஸில் வந்து படிக்கும் மாணவன் ஒருவன், செய்தித்தாளில் சுற்றிய பொருள் ஒன்றை என் மேசைமீது வைத்தான்.

"தாத்தாவின் மோட்டார் பட்டறையில் கிடந்தது, சார். பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். அதற்குள் இதைப் பிரித்து, முகப்பை உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்கலாமா?" என்றான்.

உள்ளங்கையில் அடங்கும் வட்டமான பித்தளைக் கூடு. கண்ணாடிக்குள் 0 முதல் 80 வரை எண்கள். கீழே, ஓடிய மைல்களைக் காட்டும் சிறு எண் சக்கரங்கள். காரின் வேகமானிதான். ஆனால், தயாரித்தவர் பெயர் அழிந்திருந்தது. "பிரிக்க வேண்டாம், தம்பி. வெளியிலிருந்தே விசாரிப்போம்" என்றேன்.

முகப்பில் எண்கள் சம இடைவெளியில் இருந்தன. இது நல்ல தடயம். தொடக்க கால வேகமானிகளில் ஒரு வகை, சுழலும் எடைகளின் மையவிலக்கு விசையால் இயங்கியது. அவ்விசை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதால், குறைந்த வேகக் கோடுகள் பெரும்பாலும் நெருங்கி நிற்கும். இதில் அப்படியில்லை. கூட்டின் அருகே ஒரு திசைகாட்டியை வைத்துப் பின்புறத் தண்டைத் திருகினோம். ஊசி இருபுறமும் ஆடிற்று. உள்ளே காந்தம் சுழல்கிறது!

இத்தகைய வேகமானிக்கு 1902-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓட்டோ ஷூல்ட்சே காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு இணைந்த வடம் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைச் சுற்றி, அதைத் தொடாமலே, ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். அலுமினியம் காந்தத்தால் இழுக்கப்படுவதில்லை அல்லவா? எனினும் சுழலும் காந்தம் அதில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்ட, கிண்ணமும் அதே திசையில் திரும்ப முயலும். ஒரு மெல்லிய சுருள்வில் அதைத் தடுத்து நிறுத்தும். வேகம் இருமடங்கானால் இழுப்பும் இருமடங்கு. முள்ளும் இருமடங்கு நகரும். எண்களின் சம இடைவெளிக்குக் காரணம் இதுவே.

அடுத்து ஒரு கணக்கு. ஸ்மித்ஸ் போன்ற பிரிட்டிஷ் வேகமானிகள் பலவற்றில், ஒரு மைலுக்கு வடம் எத்தனை சுற்றுச் சுற்றும் என்ற எண் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். இதில் அது அழிந்துவிட்டது. ஆகவே தண்டை மெதுவாகத் திருகி, மைல் சக்கரம் ஓர் எண் நகரும்வரை இருவரும் தனித்தனியே எண்ணினோம். கை வலித்ததுதான் மிச்சம் என்று நினைத்தேன். அவனுக்கு 1598, எனக்கு 1603. எனவே அழிந்த எண் 1600 எனக் கொள்ளலாம்.

26 அங்குல விட்டமுள்ள சக்கரம் ஒரு மைலில் ஏறக்குறைய 776 முறை சுற்றும். அத்தகைய காரானால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது வடம் இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றியிருக்கும். மைல் கணக்கைக் கொண்டு மட்டும் காலத்தைச் சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் மெட்ரிக் முறை 1958 முதல் படிப்படியாக வந்தது. பிரிட்டனிலோ இன்றும் சாலைகளில் மைல்தான்.

இனி உப்புத்தாள் விஷயம். எண்கள்மீது பழுப்பேறிய கனத்த பூச்சு ஒன்று இருந்தது. கல்லூரியின் கெய்கர் எண்ணியை அருகில் கொண்டுபோனதும் அது படபடவென ஒலித்தது. ரேடியம்! இரவில் ஒளிர்வதற்காக அக்காலத்தில் துத்தநாக சல்பைடுடன் கலந்து பூசுவார்கள். சல்பைடு கெட்டு ஒளி மங்கிவிடும். ரேடியம் பாதியாகக் குறையவோ ஏறக்குறைய 1600 ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவில் இப்பூச்சைத் தீட்டிய இளம்பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் தாடை எலும்பு அரித்து, பலர் மாண்டனர். 1920-களில் இது வழக்கு மன்றம் வரை சென்றது. தேய்த்திருந்தால் அந்தத் தூளை இவன் மூச்சில் இழுத்திருப்பான். பழைய இரும்புக்காரர் உடைத்திருந்தாலும் இதே கதிதான்.

கருவி இப்போது மூடிய பெட்டியில், எச்சரிக்கைச் சீட்டுடன், ஆய்வுக்கூடத்தில் பூட்டியிருக்கிறது. எந்தக் கார் என்பது இன்னும் பிடிபடவில்லை. தாத்தாவின் பட்டறையில் வேலை செய்த முதியவர்களைத் தேடி, 1600 என்ற எண்ணுடன் அவன் அலைந்துகொண்டிருக்கிறான்.