முதுமைத் தளர்ச்சியும் இரத்தப் பரிசோதனையும்

முதுமை வந்துற்றக்கால் மறதியும் நடைத்தளர்ச்சியும் உடன்வருதல் இயல்பே என நம்மவர் அமைதி கொள்வர். அவ்வமைதி எல்லாவிடத்தும் பொருந்துவதன்று. விற்றமின் பீ-12 குறைவுறின் உள்ளங்கால் மரத்தலும், இருளில் நடை தள்ளாடுதலும், நினைவு மங்குதலும் தோன்றும். காலத்தாற் கண்டறியின் இவை பெரும்பாலும் திருந்தும். பல மாதம் வாளாவிருப்பின் நரம்பிற் பட்ட ஊறு நிலைத்துவிடவுங் கூடும்.

இக்குறைவினால் விளையும் கொடிய சோகைக்கு ஒருகாலத்தில் மருந்தே இருந்ததில்லை. 1926ஆம் ஆண்டில் மினொற், மேர்பி என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், நாடோறும் ஈரலை உண்பித்து நோயாளரைப் பிழைப்பித்த செய்தியை வெளியிட்டனர். ஈரலில் உறைந்த அப்பொருள் செந்நிறப் பளிங்காகப் பிரித்தெடுக்கப்பட்டது 1948இலேயாம். விற்றமினுக்கு உயிர்ச்சத்து எனத் தமிழிற் பெயரிட்டோர் இதனை நினைந்தே இட்டனர் போலும்!

நாளொன்றுக்கு வேண்டுவது 2.4 மைக்கிரோகிராம் மாத்திரமே. ஈரலிற் சில ஆண்டுகளுக்குப் போதிய சேமிப்பும் உண்டு. ஆதலாற் குறைவு ஓசையின்றி வந்து சேரும். இச்சத்தை ஆக்குவன நுண்ணுயிர்களே. மரக்கறிகளில் இதனை நம்பியிருத்தல் இயலாது. சைவ போசனமுடையார்க்குப் பாலும் தயிருமே பெரும்பாலும் வாயில். மச்சம் உண்பாரும் தப்பினாரல்லர். வயது ஏற ஏறப் பலர்க்கு இரைப்பையில் அமிலஞ் சுரத்தல் குன்றுகின்றது. குன்றவே, உணவின் புரதத்தோடு பிணைந்த விற்றமின் செவ்வனே பிரிவதில்லை. நீரிழிவுக்கு மெற்போமின் நெடுங்காலம் உட்கொள்வோர்க்கும், இரைப்பை அமிலத்தைத் தணிக்கும் குளிகைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குவோர்க்கும் இவ்விடர் மிகுதி.

இனிச் சோதனை. முதலிற் பார்ப்பது முழு இரத்த எண்ணிக்கை. செங்குருதிக் கலங்கள் பருத்திருப்பின் ஐயம் எழும். பருக்கவில்லையாதலாற் குறைவில்லை எனத் துணிதலே பெரும்பிழை. இரும்புச்சத்துக் குறைவு கலங்களைச் சிறுப்பிக்கும். இரண்டும் ஒருவரிடத்து ஒருங்கிருப்பின் அளவு இயல்பானதாகவே தோன்றும். 1988இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இக்குறைவினால் நரம்பும் மனமும் தாக்குண்ட 141 பேரில் 40 பேர்க்குச் சோகையோ கலப்பருமையோ காணப்படவில்லை.

ஆதலின் விற்றமினையே நேரிற் கணித்தல் தகும். நீர்ப்பாயத்தில் மில்லிலீற்றருக்கு 200 பைகோகிராமிற் குறைந்தாற் குறைவென்பர். 200 முதல் 300 வரை ஐயநிலை. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் எல்லை சிறிது வேறுபடும். ஐயநிலையில் உதவுவது மெதயில்மலோனிக் அமிலச் சோதனை. பீ-12 இன்றேல் அவ்வமிலம் மாற்றமுறாது இரத்தத்திற் தேங்கும். சிறுநீரகந் தளர்ந்தாலும் அது தேங்குமாதலின், முதியோரிடத்து அதனையும் உடன்நோக்கல் வேண்டும். ஹோமோசிஸ்டீனும் உயரும், ஆயின் போலிக் அமிலக் குறைவிலும் அஃது உயர்வதே.

போலிக் அமிலத்தை மாத்திரம் தாமே வாங்கி உண்போர் உளர். அது சோகையைத் தீர்த்து முகத்தைத் தெளிவிக்கும். நரம்போ உள்ளே நலிந்துகொண்டிருக்கும். பீ-12 ஊசியோ குளிகையோ ஆயினும், தொடங்குமுன்பே சோதனைக்கு இரத்தங் கொடுத்தல் நன்று. தொடங்கியபின் நீர்ப்பாய அளவு உயர்ந்துவிடும். முன்னிருந்த நிலை அதிற் புலப்படாது.